பனியில் ஒரு திதி

1

இன்றைக்கு எங்கள் வீட்டில் திவசம். இறந்தவர் எனக்கு உறவில்லை. ஊரில் அவருடைய வீட்டுப் படலையைக்கூட நான் திறந்தது கிடையாது. ஐந்து கிழமைப் பழக்கம், ஒரு மாதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனாலும் விடிய எழும்பிக் குளித்து, என் மனைவி கமலா சமைத்ததைப் படைத்துக் கும்பிட்டுவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். லண்டன் டூட்டிங்கில் இன்று மழை. போன வருடம் இந்த நாட்களில்தான் பனி கொட்டியது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடியேதான்.

ஊரிலிருந்து கதைப்பவர்கள் எல்லோரும் ஸ்நோவைப் பற்றி ஆசையாகக் கேட்கிறார்கள். “வடிவாய் இருக்குமென்ன, ஒரு படம் எடுத்து அனுப்புங்கோவன்” என்கிறார்கள். படத்தில் வடிவுதான், நான் மறுக்கவில்லை. எனக்கு அது சோறு போடுகிற தொழில். இங்கே ஒரு கவுன்சிலில் உப்பு லொறி ஓட்டுகிறேன். குளிர்காலத்தில் தெரு உறைந்து போகாமல் இருக்க, அதன்மேல் கல்லுப்பைத் தூவிக்கொண்டு போகிற லொறி. இதை முதன்முதல் கடிதத்தில் எழுதியபோது என் தமையன் நம்பவில்லை. “றோட்டுக்கு உப்புப் போடுறதோ? உங்கை எல்லாருக்கும் விசரோ?” என்று பதில் போட்டார். இரண்டு அங்குலம் பனி விழுந்தால் ரயில், பள்ளிக்கூடம், பஸ் எல்லாவற்றையும் இழுத்து மூடுகிற ஊருக்கு வேறு என்ன பெயர் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

பனியில் பல ரகம். மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாக விழுவது சிலீற். கழுத்துக்குள் இறங்குவதைத் தவிர அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஈரமாக, பெரிது பெரிதாக, அவசரமில்லாமல் விழுவதுதான் லண்டனுக்கு வழக்கமான பனி. பத்து மணிக்கு வெள்ளை, பன்னிரண்டு மணிக்குச் சேறு. ஈரமே இல்லாமல் மாவாக வருவது இன்னொன்று. அதைக் காற்று வாரிக்கொண்டு போய்ச் சுவர் மூலைகளில் குவிக்கும். மனிதனைக் கண் திறக்க விடாது. மழையாக விழுந்து, தெருவில் பட்டதும் கண்ணாடியாகிவிடுவது கறுப்பு ஐஸ். அது கண்ணுக்குத் தெரியாது, விழுந்து எழும்பிய பிறகுதான் தெரியும். எதற்கு எவ்வளவு உப்பு என்று எங்கள் டிப்போச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது.

அந்தத் தாளில் இல்லாத ஒன்றும் உண்டு. புயல் அடித்து ஓய்ந்து, மேகம் விலகி, வானம் துடைத்துவிட்ட மாதிரித் தெளிந்த பிறகு வருகிற குளிர். எதுவும் விழாது. காற்றும் இராது. அது கடுமையாக வந்தால் உப்புக்கும் மசியாது. எனக்கு அதைத் தெரியும், ஆனால் அதை எங்கே கண்டேன் என்று ஏழு வருடமாகக் கமலாவைத் தவிர ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தேன்.

2

என்னுடைய ஹோம் ஒபிஸ் அகதிக் கோப்பில் பனியே இல்லை. கொழும்பில் விமானம் ஏறி நேரே லண்டனில் இறங்கினேன் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. நடுவில் வேறு நாட்டில் கால் வைத்ததாகச் சொன்னால் அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று, ஆட்களைக் களவாக ஏற்றி அனுப்புகிற ஏஜென்சிக்காரன் எங்களுக்குப் பாடமாக்கியிருந்தான். அசைலம் விசாரணையில் மொழிபெயர்க்க வந்தவர் இந்தியத் தமிழர், நல்ல மனிதர்.

“வழியில எங்கயும் இறங்கலையா? நேரா வந்தீங்களா?”

“ஓம்.”

“ஓம்னா ஆமாதானே? தப்பா எழுதிடக் கூடாது, அதான் கேக்கிறேன்.”

“ஓம், ஆமா.”

அவர் அக்கறையாகக் கேட்டதால் ஒரே பொய்யை இரண்டு தரம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பதிலோடு மொஸ்கோ இல்லாமல் போனது, நிலக்கீழ் அறையில் கிடந்த ஐந்து கிழமை இல்லாமல் போனது, நான் இன்று படைத்துக் கும்பிட்ட செல்வராசா அண்ணையும் இல்லாமல் போனார். ஒரு மனிதர் செத்ததற்கு நான்தான் சாட்சி. அந்த இடத்துக்கே நான் போகவில்லை என்று கையெழுத்து வைத்தவனும் நான்தான்.

பொய் நாளடைவில் பழகிவிடும், உறுத்துவதுகூட நின்றுவிடும். என் மகள் தர்ஷிக்குப் போன வருடம் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் குளிர்காலப் புயல்களைப் பற்றி ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பெரிய அட்டையில் படம் கீறி, பெயர் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கேள்வியும் கேட்டு எழுத வேண்டும். கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டாள், ‘அப்பா’ மட்டும் தமிழ். நான் முதன்முதல் பனியைப் பார்த்தது எங்கே?

“லண்டனிலைதான்” என்றேன். ஓகே என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். ஐந்து வயதில் இங்கே வந்த பிள்ளை. என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இப்படிச் சுருக்கமாக எழுதிக்கொண்டவைதான்.

3

மனோ அக்கா, செல்வராசா அண்ணையின் மனைவி. நான் லண்டன் வந்த மாதமே அவருக்குக் கடிதம் போட்டேன். மொஸ்கோவில் எங்களைப் பிரித்துவிட்டார்கள், அண்ணையை வேறு ஆட்களோடு ஏற்றினார்கள், பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. இப்படித்தான் எழுதினேன். உண்மையை எழுதியிருந்தால் அடுத்த கடிதத்தில், “அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள் தம்பி?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் எழுதவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

வருடத்துக்கு இரண்டு கடிதம் போடுவேன். அக்காவும் எழுதுவார். ரஷ்யச் சிறையில் இருக்கக்கூடும் என்று யாரோ சொன்னார்களாம். கனடாவில் கண்டதாக இன்னொருவர் சொன்னாராம். பொட்டை அழிக்காமல், நல்ல காரியங்களுக்குப் போகாமல், ஏழு வருடம் அப்படியே இருந்தார்.

சமாதான காலம் வந்து, யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. போன வருடம் தைப்பொங்கலுக்குக் கிட்ட அக்காவின் கடிதம் வந்தது. மகள் சுகந்திக்குக் கலியாணம் பொருந்தியிருக்கிறது. கார்ட் அடிக்கக் கொடுக்க வேண்டும்.

“மாப்பிள்ளை பகுதி கேட்கினம், தகப்பன்ரை பேருக்கு முன்னாலை திரு எண்டு போடுறதோ, அமரர் எண்டு போடுறதோ எண்டு. திரு எண்டால் நான் பொட்டோடை மணவறையிலை நிப்பன். அமரர் எண்டால் தை அமாவாசைக்கு முதல் சொன்னால் காரியத்தைச் செய்துபோட்டு, கலியாணத்திலை ஒரு பக்கமாய் இருப்பன். இரண்டுக்கும் நான் ஆயத்தம். உங்களோடை வந்த மனுசன். உங்கடை வாயாலை வாற சொல்லைத்தான் போடுவன்.”

கடிதத்தின் கீழே போன் நம்பர் இருந்தது. இரண்டு கிழமையாக அதை வேலைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

4

நடந்தது இதுதான். மொஸ்கோவிலிருந்து எங்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிய இடத்தை உக்ரைன் பக்கத்து எல்லை என்று சொன்னார்கள், எந்த எல்லை என்று இன்றைக்கும் எனக்குத் திட்டமாகத் தெரியாது. ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் எட்டுப் பேரை அடைத்து வைத்திருந்தார்கள். கலண்டர் இல்லை, மணிக்கூடு இல்லை. பொங்கல் எப்போது வந்து எப்போது போனது என்றே தெரியாது. தரையோடு ஒட்டிய சின்னக் கண்ணாடி வழியாக வெளியே விழுகிற பனி மட்டும் தெரியும். செல்வராசா அண்ணை எங்களுக்கெல்லாம் மூத்தவர், தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். பகிடிக்காரர். கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்து, “இண்டைக்குச் சவ்வரிசி”, “இண்டைக்கு வறுக்காத மா” என்று பனிக்குப் பெயர் வைப்பார். பசியோடு கிடந்த இளம் பெடியள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சப்பாத்துக்குள் ஈரம் என்று தன்னுடைய இரண்டாவது சோடிக் காலுறையைக் கழற்றித் தந்தார்.

ஒரு நாள் இருட்டியதும் நடக்கச் சொன்னார்கள். வழிகாட்டி முன்னுக்கு, நாங்கள் எட்டுப் பேர் பின்னுக்கு, முன்னால் போகிறவரின் கோட்டுத் தொங்கலை ஒருவரொருவர் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தோம். நான் கடைசிக்கு முதல் ஆள். என் கோட்டைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தவர் அண்ணை. சிறிது நேரத்தில் காற்று எழும்பியது. அது சவ்வரிசியும் இல்லை, மாவும் இல்லை. பனி மேலிருந்து விழவில்லை. பக்கவாட்டில் வந்து முகத்தில் அறைந்தது. மூச்சை இழுத்தால் வாய்க்குள் பனி. எத்தனை மணித்தியாலம் நடந்தோம் என்று தெரியாது. அண்ணையின் பாரம் முழுக்க என் கோட்டில் தொங்கியது.

விடியப்போகிற நேரம் காற்று நின்றது. வானம் தெளிந்தது. அதற்குப் பிறகுதான் குளிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் என் கோட்டில் இழுவை இல்லை என்று உணர்ந்தேன். நடக்கச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு தூரம் அப்படி நடந்தேன் என்று கேட்காதீர்கள்.

பிறகு பார்த்தபோது அவர் இல்லை. வழிகாட்டி நிற்க விடவில்லை. இரண்டு நாள் கழித்து அதே வழியால் வந்த அடுத்த குழுப் பெடியள், நெஞ்சளவு பனிக்குள் ஒருவர் உட்கார்ந்தபடி உறைந்து போயிருந்ததைக் கண்டதாகச் சொன்னார்கள். தபால்காரர்கள் போடுகிற காக்கிச் சட்டை உள்ளே தெரிந்ததாம்.

கமலாவிடம் நான் அதுவரை சொல்லியிருந்ததும் இவ்வளவுதான்.

5

போன வருடம், ஜனவரிக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு லண்டனில் பனி தொடங்கியது. உப்பைப் பனி விழுமுன் போட வேண்டும், விழுந்த பிறகு அரைவாசிப் பயன்தான். நாங்கள் புறப்பட்டபோது எல்லா ஒபிஸ்காரரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். லொறி நிறைய உப்பு, முன்னால் நகராத கார் வரிசை. ஒரு பிடி தூவ வழியில்லை. ஹோர்ன் அடித்தவர்கள் அலுத்து நிறுத்தினார்கள், பிறகு காரை விட்டுவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கினார்கள்.

பின்னேரம் ஆறு மணி இருக்கும். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக, தலையைக் குனிந்துகொண்டு, என் லொறியைக் கடந்து போனார்கள். முன்னால் போனவரின் கால் தடத்தில் அடுத்தவர் கால் வைத்தார். நான் எண்ணினேன். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். எட்டாவது ஆள் பின்தங்கினார். ஒரு மதிலோரம் உட்கார்ந்தார். தோளிலும் தலையிலும் பனி ஏறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து குதித்து, “அண்ணை! அண்ணை!” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

வெள்ளைக்காரர். கைத்தொலைபேசியில் மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உனக்கு ஒன்றுமில்லையே?” என்று அவர்தான் என்னைக் கேட்டார். கடைசியில் தன்னிடமிருந்த மிட்டாய் ஒன்றையும் தந்துவிட்டுப் போனார். லொறிக்குள் திரும்பி ஏறி உட்கார்ந்து நான் அழுதேன்.

வீடு வந்து சேர விடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் பூட்டு. தர்ஷி மேசை நிறைய அட்டையை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள், காற்றோடு வருவது, ஐஸாக விழுவது, ஏரிப்பக்கம் கொட்டுவது என்று. “இதில் எது மோசம் அப்பா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நித்திரையில்லாத வாய்.

“உதிலை ஒண்டுமில்லை. எல்லாம் விட்டாப் பிறகு வாறதுதான் ஆக்களைக் கொல்லும்” என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

அவளுக்கு விளங்கியது. பேனையை வைத்துவிட்டு, “ஹவ் டூ யூ நோ?” என்று கேட்டாள்.

கமலா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். “கடிதம் இன்னும் கோட்டுக்குள்ளைதானே கிடக்கு?” என்றாள். “நாளைக்கு அமாவாசை. அந்த மனுசி பாத்துக்கொண்டிருக்கும். போனை எடுங்கோ.”

6

இங்கே காலை எட்டு மணி, அங்கே மத்தியானம் இரண்டு. மணி ஒருதரம் அடிக்கவே எடுத்துவிட்டார். பின்னால் தையல் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“அக்கா, நான் லண்டனிலையிருந்து.”

“சொல்லுங்கோ தம்பி.”

“அமரர் எண்டே போடுங்கோ அக்கா.”

“பிள்ளை, மெசினை நிப்பாட்டு” என்று அக்கா சொன்னது கேட்டது. சத்தம் நின்றது. மொஸ்கோவில் பிரியவில்லை என்று தொடங்கி, நிலக்கீழ் அறை, கோட்டுத் தொங்கல், மேற்கே நடந்தது, காற்று, இழுவை விட்டுப்போனது, பெடியள் கண்டது வரைக்கும் சொன்னேன். நடக்கச் சுகமாக இருந்தது என்பதையும் சொன்னேன். அக்கா அழவில்லை. நான் நினைத்துப் பயந்த கேள்வியையும் கேட்கவில்லை.

“என்ன திதி தம்பி?” என்றார்.

“நாளே தெரியாதக்கா. தை மாதம் எண்டு மட்டும் தெரியும்.”

“திதி தெரியாட்டி அமாவாசையையே வருசா வருசம் வைச்சுக்கொள்ளச் சொல்லி ஐயர் சொன்னவர். ஆனா பக்கத்திலை நிண்ட ஆள் நீங்கள் இருக்கிறியள். ஆரும் அறியாமல் போன ஆளுக்குச் செய்யிறமாதிரி நான் ஏன் செய்யவேணும்? நிலவு இருந்ததோ?”

“இருந்தது.”

“பூர்வபக்கமோ, அபரபக்கமோ?”

வளர்பிறையா தேய்பிறையா என்று கேட்கிறார். எங்கள் ஊரில் திவசம் குறிக்கிற எவரும் கேட்கிற சாதாரணக் கேள்வி. பதில் சொல்ல அந்தப் பனி வெளிக்குத் திரும்பப் போய் நின்று வானத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் அங்கே மட்டும் போகாமல்தான் ஏழு வருடம் இருந்தேன்.

“அபரபக்கம் அக்கா. விடியப்புறம் கண்டது. கீற்றுப் பிறை.”

பஞ்சாங்கம் புரளுகிற சத்தம். “துவாதசியோ திரயோதசியோ? அடிவானத்தோடையோ, உயரத்திலையோ?”

“ஒரு பனை உயரம் இருக்கும். அண்ணேன்ரை தலைக்கு நேரே மேலை.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது.

“அப்ப துவாதசி, அமாவாசைக்கு மூண்டு நாள் முதல்” என்றார் அக்கா. பஞ்சாங்கம் மூடுகிற சத்தம். “தம்பி, தேய்பிறை விடியப்புறம் கிழக்கிலையெல்லோ நிக்கும். நீங்கள் மேற்கை நடந்ததெண்டு சொன்னனீங்கள்.”

“ஓம்.”

“அப்ப நீங்கள் திரும்பிப் பாத்தனீங்கள்.”

“ஓம் அக்கா.”

“உயிரோடை இருந்தவரோ?”

“பனிக்குள்ளை குந்தியிருந்தவர். ஒரு கையைத் தூக்கினவர்.”

“போ எண்டோ, வா எண்டோ?”

தூரம் அதிகமில்லை. கத்தினால் கேட்கிற தூரம்தான். பனி வெளிச்சத்தில் கை உயர்ந்ததைக் கண்டேன். அது ‘போ’ என்றுதான் சொன்னது என்று அந்த நிமிடமே முடிவு கட்டிக்கொண்டு முன்னால் போனவர்களோடு ஓடிச் சேர்ந்தேன். லொறி ஓட்டும்போதும், பிள்ளையை நித்திரையாக்கும்போதும் அந்தக் கை வரும். வரும்போதெல்லாம் ‘போ’ என்றுதான் நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். இப்போதும் ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அக்காவுக்கும் ஆறுதலாக இருக்கும், எனக்கும் ஆறுதலாக இருக்கும்.

“தெரியாதக்கா” என்றேன்.

சுகந்தி பக்கத்தில் வந்து ஏதோ கேட்க, “ஒண்டுமில்லை, நீ போய்த் தை” என்றார். மெசின் திரும்ப ஓடவில்லை.

“துவாதசி முந்தநாளே முடிஞ்சுபோச்சு. நாளைக்கு அமாவாசையிலை முதல் காரியத்தைச் செய்யிறன். வாற வருசத்திலையிருந்து துவாதசியிலை நான் இஞ்சை செய்வன், நீங்கள் அங்கை செய்யுங்கோ. கடைசியாய்க் கண்ட ஆள் நீங்கள்.”

“செய்யிறன் அக்கா.”

“அந்தக் கை எனக்கு வா எண்டுதான் இருக்கும் தம்பி. என்னாலை வேறை மாதிரி நினைக்க ஏலாது. நீங்கள் போ எண்டே நினைச்சுக்கொள்ளுங்கோ, பிள்ளை குட்டியோடை சீவிக்கவேணுமெல்லோ. சரி, கார்ட் அடிக்கிற பிறெஸ்காரன் நாலு மணிக்குப் பூட்டிப்போடுவான். நான் போய் அமரர் எண்டு எழுதிக் குடுத்திட்டு வாறன்.”